முந்திச் சொன்ன நன்றி

கேட்ட வரம் கிடைத்துவிட்டால் அந்த வாரமே பூசைக்குக் கருத்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது மலேசியாவில் மலாக்காவை ஒட்டிய பெம்பான் பக்கத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களின் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை திருப்பலி தொடங்கும் முன், அன்றைய பூசை எந்த வேண்டுதலுக்காக என்ற அந்தக் கருத்துகளை ஒருவர் ஒலிபெருக்கியில் வாசிப்பார். இன்னாரின் ஆன்மா இளைப்பாற, இன்னாரின் நோய் நீங்க, இன்னார் பெற்ற நன்மைக்கு நன்றியாக என்று அந்த வாசிப்பு போகும். கேட்பதில் காட்டிய அவசரத்தை நன்றி சொல்வதிலும் காட்ட வேண்டும் என்பது என் தந்தை அம்புரோஸின் உறுதியான எண்ணம். எனக்கு நேர்ந்தது முழுவதும் அந்த எண்ணத்திலிருந்து தொடங்கியது. ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன்.

என் பெயர் ஷெர்லீன். பெம்பானுக்கு அப்பால், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தேன். அங்கே வரிசை வீடுகள் பலவற்றில் இப்போது வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் குடியிருக்கிறார்கள். எஞ்சிய தமிழ்க் குடும்பங்களில் என் வயதுப் பெண் என்று நான் ஒருத்தியே இருந்தேன். அண்ணன் டாரியஸ் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்பான். ஏதோ சில ஆண்டுகள் மட்டும் வருவான். தந்தை செம்பனைக் குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர். விடியும் முன் போனால் குலைகள் இறங்கிய பிறகே திரும்புவார். இடைப்பட்ட பொழுது முழுவதும் வீட்டில் ஒலித்த குரல் என்னுடையது மட்டுமே.

அம்மா இறந்தபோது நான் பதினைந்து வயதில், மூன்றாம் படிவத்தில் இருந்தேன். கடைசி வாரங்களில் மருத்துவமனையில் அவர் படுக்கையின் அருகே உட்கார்ந்திருப்பேன். பணி மாறும் நேரத்தில் ஒரு தாதி, அடுத்து வந்த தாதியிடம் அம்மாவை ஒப்படைப்பார். கஞ்சியில் பாதியைத்தான் குடித்தார், இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் முனகுகிறார், மகன் வருவானா என்று இரண்டு முறை கேட்டார் என்று வரிசையாகச் சொல்வார். மற்றவர் தலையசைத்துக் கேட்டுக்கொள்வார். என் அம்மாவைப் பற்றி யாரும் அவ்வளவு முழுமையாகப் பேசி நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒப்படைக்காமலே போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரைப் பற்றி அறிந்த எல்லாவற்றையும் சொல்லி முடிக்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று விதியுள்ள ஒரு வேலை உலகத்தில் இருப்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதையே செய்வது என்று முடிவு செய்தேன்.

பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத் தேர்வின் முடிவு நன்றாகவே வந்தது. அந்தச் செய்தி எங்கள் அன்பியத்துக்கு எட்டியது. அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்க வீடுகள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடிச் செபம் சொல்லும் குழு. அதன் தலைவி பிரிஜிட் ஆன்ட்டி. நல்ல மனம், உரத்த குரல், எதையும் சபையில் வைத்துத்தான் கேட்பார்.

“டிப்ளமாவே போதும்லா ஷெர்லீன். மூனு வருசம், முடிச்சதும் வேல. என் தங்கச்சி மக கோலாலம்பூர்ல பெரிய ஆஸ்பத்திரியில மிஸ்ஸியா இருக்கு. ஊசி போடுறதுக்கு எதுக்கு டிகிரி?”

“ஊசி போடுறது மட்டும் இல்ல ஆன்ட்டி.”

“அப்ப டாக்டருக்குப் படி.”

“டாக்டர் வேணாம்.”

“இது என்னா புள்ள! மேலயும் வேணாங்குது, கீழயும் வேணாங்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இந்த முடிவை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. பட்டயப் படிப்பின் பாடத்திட்டத்தையும் பட்டப் படிப்பின் பாடத்திட்டத்தையும் பதிவிறக்கி, பெம்பான் கடையில் அச்சிட்டு, பக்கத்தில் பக்கம் வைத்து ஒரு வாரம் படித்தேன். முன்னது வேலையைச் செவ்வையாகச் செய்யக் கற்பிக்கிறது. பின்னது அதையும் கற்பித்து, அந்த வேலையை ஏன் அப்படிச் செய்ய வேண்டும், மாற்றிச் செய்தால் நோயாளிக்கு என்ன ஆகும் என்று ஆராயவும் ஓர் ஆண்டு கூடுதலாக இடம் தருகிறது. எனக்கு அந்த ஓர் ஆண்டு வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் எல்லா இடங்களிலும் தாதியர் பட்டப் படிப்பையே குறித்து, கிழக்குக் கரைப் பல்கலைக்கழகம் ஒன்றை முதலில் வைத்தேன். வேறு துறை ஒன்றையாவது பாதுகாப்புக்கு வைக்கும்படி ஆசிரியர் சொன்னார். வைக்கவில்லை.

நேர்முகத் தேர்வு ஆங்கிலத்திலும் நடக்கும் என்று படித்திருந்தேன். என்னுடன் ஆங்கிலம் பேச யாருமில்லை. சமையலறைக் கதவைத் திறந்து வைத்து, எதிரே நிற்கும் செம்பனை மரங்களைப் பார்த்து, கேள்விகளை நானே கேட்டு நானே பதில் சொல்வேன். ஒரு நாள் மரத்தடியில் மட்டை வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி, தம்மிடம்தான் பேசுகிறேன் என்று எண்ணி நிமிர்ந்து, “யெஸ், மேடம்” என்றார். அந்த மாதம் முழுவதும் என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த ஒரே பதில் அதுதான்.

அழைப்பு ஒரு வியாழக்கிழமை வந்தது. தந்தை குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன்.

“அப்பா, யுனிவர்சிட்டில இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்காங்க.”

“கூப்பிட்டுட்டாங்களா!”

“இன்டர்வியூக்குப்பா. எடம் இன்னும் கெடைக்கல.”

“அதாம்மா, கூப்பிட்டுட்டாங்க இல்ல? கூப்பிடாம இருந்தாத்தான் யோசிக்கணும்.”

அவர் வாழ்க்கையை அறியாதவர்களுக்கு இது விளங்காது. தோட்டத்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள் என்றால் மறுநாள் வேலைக்குப் போவது என்று பொருள். லாரி முதலாளி அவரைக் கூப்பிட்டார், லைசன்சைப் பார்த்தார், சாவியைக் கையில் கொடுத்தார். ஒருவரை வரவழைத்து, நாற்காலி கொடுத்து, மரியாதையாகக் கேள்வி கேட்டு, பிறகு வேண்டாம் என்று அனுப்பிவிடுவது அவர் கண்டிராத நடைமுறை. நான் கடிதத்தைப் படித்துக் காட்டி மீண்டும் ஒரு முறை விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். மறுநாள் ஆலைக்குப் போகும் வழியில் லாரியைக் கோயில் வாசலில் நிறுத்திக் கருத்துக் கொடுத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டேன்: “அம்புரோஸ் அவர்களின் மகள் ஷெர்லீனுக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்ததற்கு நன்றியாக.”

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். திருப்பலி முடிந்ததும் வெளியே தந்தையைச் சுற்றிக் கூட்டம்.

“அம்புரோஸ் அண்ணே, இனி ஊசியெல்லாம் ஃப்ரீதானே?”

“ஒனக்கு மட்டும் பெரிய ஊசியா பாத்துப் போடச் சொல்றேன்லா!”

அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூட்டத்தை விலக்கிப் பிரிஜிட் ஆன்ட்டியிடம் போனேன்.

“ஆன்ட்டி, இது இன்னும் முடிவாகல. இன்டர்வியூக்கு மட்டும்தான்…”

“ரொம்ப அடக்கமா பேசாத. சந்தோசமா இரு. வா, போட்டோ எடுப்போம்.”

வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு மாரியம்மா அத்தை காத்திருந்தார். அவர்கள் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் செய்தி எங்களுக்கு முன்னே அவரை வந்தடைந்திருந்தது. கையில் ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்துக் காலணி. “மிஸ்ஸிங்க வெள்ளைதான போடுவாங்க? அளவு சரியா இல்லன்னா சொல்லு, டவுன்ல மாத்திக்கலாம்” என்றார். அளவு சரியாக இருந்தது.

நேர்முகத் தேர்வுக்குத் தந்தை நண்பரின் காரை இரவல் வாங்கி, இஸ்திரி போட்ட சட்டையில், நாட்டைக் குறுக்கே கடந்து ஓட்டி வந்தார். உயரம் அளந்தார்கள், நிறங்களை அடையாளம் காட்டச் சொன்னார்கள். பிறகு மூவர் அமர்ந்த அறைக்குள் போனேன். ஏன் பட்டயம் வேண்டாம் என்று கேட்டார்கள். மரங்களிடம் சொல்லிப் பழகிய பதிலைத் தடையில்லாமல் சொன்னேன். மூவரில் வயதில் மூத்த பெண்மணி என் தாள்களை மூடி வைத்துவிட்டு, “நீங்கள் அறியாத ஒரு நோயாளியை எப்போதாவது தொட்டுப் பராமரித்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். அதற்கு நான் பதில் தயாரித்திருக்கவில்லை. இல்லை என்றேன். அவர் நன்றி சொன்னார்.

ஆகஸ்டில் மறுப்பு வந்தது. தந்தை அதை என் கையிலிருந்து வாங்கி, உதடு அசையப் படித்தார்.

“ஏம்மா, கூப்பிட்டு வச்சு இப்படிப் பண்றாங்க?”

 கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “யாராச்சும் கேட்டா, அடுத்த மாசம் போறேன்னு சொல்லிடு.”

நான் அப்படிச் சொல்லவில்லை. மறுத்தும் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் பேச்சை மாற்றினேன். பல்கலைக்கழகங்கள் திறந்தன. சுற்று ஊர்களான சிம்பாங் அம்பாட்டிலிருந்தும் ஜாசினிலிருந்தும் பிள்ளைகள் பெட்டியோடு நிற்கும் படங்கள் எல்லார் தொலைபேசியிலும் வந்தன. நான் மட்டும் தோட்டத்துக் கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது.

“எடமும் இல்ல ஒன்னும் இல்ல. பொண்ணு சும்மா வாய்க்கு வந்தத சொல்லி அப்பன ஏமாத்திருச்சு. பாவம் அந்த மனுசன், கோயில்ல பூசையே வச்சிட்டாரு.”

எனக்கு வந்த எந்தத் தாளையும் நான் எறிந்ததில்லை. முதல் வகுப்புத் தேர்ச்சி அட்டை முதற்கொண்டு எல்லாம் ஆண்டு வாரியாகக் கோப்பில் இருக்கின்றன. அழைப்புக் கடிதமும் இருந்தது. இது சேர்க்கைக்கான உறுதி அன்று என்று அதன் கீழே தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். அதன் மேல், தந்தையிடம் படித்துக் காட்டிய நாளை என் கையெழுத்தில் குறித்திருந்தேன். அதைக் காட்டினால் என்மேல் விழுந்த பழி ஒரே நாளில் நீங்கும். ஆனால் அது நேராகத் தந்தையின்மேல் போய் விழும்.

அம்மாவின் மரணத்துக்குப் பிறகு அவர் குடித்தார். வேலை போகும் நிலை வரை குடித்தார். அந்தக் காலத்தில் யாரோ சொல்லி, கோயிலில் காணிக்கைத் தட்டு எடுக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுத்தார்கள். சனிக்கிழமை குடித்தால் ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பிடிக்க முடியாது. சனிக்கிழமையை விட்டார், பிறகு வெள்ளியை விட்டார், பிறகு எல்லா நாளையும் விட்டார். அவரை நிறுத்தி வைத்திருந்தது அந்தத் தட்டுதான். இல்லாத நன்மைக்கு நன்றி வாசிக்கச் செய்தவர் என்று தெரிந்தால் அது அவர் கையில் இருக்காது.

அக்டோபரில் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறைக்கு வந்தது. பாய் விரித்தோம், மாதா சொரூபத்துக்குப் பூ வைத்தோம். எல்லோரும் உட்கார்ந்த பிறகு, பிரிஜிட் ஆன்ட்டி செபமாலையைக் கையில் எடுத்தார். ஆனால் தொடங்கவில்லை.

“ஷெர்லீன், ஒன்னு கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன். மனசுல வச்சிக்கிட்டு செபம் சொல்ல முடியல. எடம் கெடச்சுதா, கெடைக்கலையா?”

“கெடைக்கல ஆன்ட்டி.”

“அப்ப கோயில்ல வாசிச்சது? ஃபாதர் கேட்டாருன்னா நான் என்னா சொல்றது? போட்டோ எடுத்தோம், கை தட்டுனோம். சாமி முன்னால பொய்யா வாசிச்சோம்?”

தந்தை அப்போது சமையலறை வாசலில் நின்றார். கையில் தாம்பாளம், அதில் சீராப் என்னும் ரோஜாச் சர்பத்துக் குவளைகள். அவை ஒன்றோடொன்று மோதி ஒலிப்பது அமைதியில் கேட்டது. கோப்பு இருந்த அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் எழுந்து அதை எடுத்தால் போதும். அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். ஒரு மனிதர் மூச்சை இழுத்து ஒரு வாக்கியத்தைத் தொடங்குவதற்கு வேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்தேன். குவளைகள் ஒலித்துக்கொண்டே இருந்தன.

“நான்தான் தப்பா சொல்லிட்டேன் ஆன்ட்டி. அப்பாவுக்கு ஒன்னும் தெரியாது.”

“ஏன்மா அப்படிச் சொன்ன?”

“அவசரப்பட்டுட்டேன்.”

பிரிஜிட் ஆன்ட்டி பெருமூச்சு விட்டார். “கேட்டா நாங்க சேந்து வேண்டியிருப்போம்லா” என்று மட்டும் சொன்னார். பிறகு செபமாலையின் துயர மறையுண்மைகளைத் தொடங்கினார். முடிந்ததும் தந்தை எல்லோருக்கும் சீராப் கொடுத்தார். எனக்கும் ஒரு குவளை கொடுத்தார். அவர்கள் போன பிறகு குவளைகளைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தார். அதைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதன்பின் கோயிலில் விவிலிய வாசகம் படிக்க என்னை முன்போல யாரும் கூப்பிடவில்லை.

நேர்முகத் தேர்வில் அந்த மூத்த பெண்மணி கேட்ட கேள்விக்கு ‘இல்லை’ என்பதே உண்மையாக இருந்தது. அந்த உண்மையை மாற்றுவதற்காக டுரியான் துங்காலில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்ந்தேன். அங்கேயே தங்க ஓர் அறை கொடுத்தார்கள். குளிப்பாட்டவும், ஊட்டவும், படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கவும் கற்றேன். கற்றுக்கொடுக்க அங்கே யாருக்கும் நேரமில்லை. செய்து, தவறி, மருத்துவமனைகள் வெளியிடும் காணொளிகளைப் பார்த்துத் திருத்திக்கொண்டேன். முதல் வாரம் ஒரு சீனத் தாத்தாவுக்குச் சோறு ஊட்டும்போது அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவர் வலக்காது கேளாதவர் என்பதும், நான் அந்தப் பக்கமே நின்று பேசிக்கொண்டிருந்தேன் என்பதும் பிறகுதான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. அன்று முதல் பணி முடிந்து போகும்போது ஒவ்வொருவரைப் பற்றியும் அடுத்து வருபவரிடம் சொல்லிவிட்டுப் போனேன்.

அடுத்து வருபவர் ராமாத்தாள் என்ற நடுத்தர வயதுப் பெண். “என்னா ஷெர்லீன், தெனமும் செய்தி வாசிக்கிற? டிவிக்குப் போலாம்லா நீ” என்பார். ஆனால் கேட்டுக்கொள்வார். நான் விடுப்பில் இருந்த ஒரு நாளுக்குப் பிறகு, தாமாகவே, “அந்தத் தாத்தா நேத்து ரெண்டு வாட்டி ஒன்னத் தேடுச்சு” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

மறு ஆண்டும் விண்ணப்பித்தேன். மறுபடியும் அழைப்பு வந்தது. இம்முறை யாரிடமும் சொல்லவில்லை. தந்தையிடமும் சொல்லவில்லை. பேருந்தில் தனியே போய்த் தனியே திரும்பினேன். அறையில் வேறு மூவர் இருந்தார்கள். நோயாளிகளைத் தொட்டிருக்கிறீர்களா என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் எந்தக் கேள்விக்கும் மரங்களிடம் சொல்லிப் பழகிய பதில் எனக்குத் தேவைப்படவில்லை.

சேர்க்கைக் கடிதம் வந்தபோது வீட்டுக்குப் போய்த் தந்தையின் முன் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். மீண்டும் மேலே போனார்.

“இது கூப்பிட்டதா, கெடச்சதா?”

“கெடச்சதுப்பா.”

“நல்லாப் பாத்தியா?”

“பாத்தேன்.”

கடிதத்தை மடிக்காமல், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் ஜொகூரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறேன் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அதை யார் தொடங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. மாரியம்மா அத்தை, “ஆஸ்டல்ல சாப்பாடு குடுப்பாங்களா?” என்று விசாரித்தார். குடுப்பாங்க அத்தை என்றேன். அது உண்மைதான்.

புறப்படும் காலையில் மலாக்கா சென்ட்ரலுக்குத் தந்தை வந்தார். பெட்டியைத் தாமே தூக்கினார். பேருந்துக்கு நேரம் இருந்தது. நெகிழி இருக்கைகளில் அருகருகே உட்கார்ந்தோம்.

“பிரிஜிட் அக்காகிட்ட நான் சொல்லிடட்டுமா?” என்றார். “ஒனக்கு எடம் கெடச்சது. அன்னிக்கு நடந்தது. ரெண்டையும்.”

ஓர் ஆண்டு முழுவதும் நான் எதிர்பார்த்திருந்த வாக்கியம் அது. ஆனால் அது கேள்வியாக வந்திருந்தது. என் அனுமதியோடு செய்ய வேண்டிய காரியமாக அதை நான் நினைத்ததில்லை.

“அது ஒங்க விருப்பம்பா.”

அவர் தரையைப் பார்த்தார். “தட்ட வாங்கிருவாங்க.”

“ஆமாப்பா. வாங்கிருவாங்க.”

பேருந்து வந்து நின்றது. அவர் பெட்டியை அடியில் வைத்துவிட்டு, என் தலையில் கை வைத்து, நெற்றியில் சிலுவை வரைந்தார். அவர் சொன்னாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தொலைபேசியில் பேசும்போது, கோயிலுக்குப் போனீங்களா என்பேன். போனேன் என்பார். அதற்கு மேல் இருவரும் போவதில்லை.

பேருந்தில் என் பக்கத்தில் ஒரு மலாய்ப் பெண்மணி உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் ஏறியதும், எங்கே போகிறாய் என்று கேட்டார்.

“பல்கலைக்கழகத்துக்கு. தாதியர் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது” என்று அவர் மொழியில் சொன்னேன். அந்த வாக்கியத்தைத் தந்தையைத் தவிர வேறொரு மனிதரிடம் நான் சொன்னது அதுவே முதல் முறை. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

பெண்மணி என் முழங்கையைப் பிடித்து மனமார வாழ்த்தினார். பிறகு, குடும்பமே திரண்டு வழியனுப்பும் தம் மக்களின் வழக்கத்தை வைத்து, “வழியனுப்ப நிறையப் பேர் வந்திருப்பார்களே?” என்று கேட்டார்.

அப்பா வந்தார் என்றேன்.